வீட்டுக் கணிப்பொறிக்குப் புதிய இயங்குதளம் வேண்டுமா?

2025ஆம் ஆண்டுத் தீபாவளி விடுமுறைக்கு ராபர்ட்சன்பேட்டைக்குச் சென்றிருந்தேன். பண்டிகைக்கு மறுநாள் காலை என் அத்தை என்னை அழைத்து வீட்டுக் கணிப்பொறியின் முன் உட்கார வைத்தார். திரையில் ஓர் அறிவிப்பு நின்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டு வந்த ஆதரவு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பது அதன் சாரம்.

"இதை மாத்தணுமா, வேணாமா? மாத்தினா தாத்தா சொன்னதெல்லாம் போயிடுமா? ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் ரயில் ஏறு" என்றார் அத்தை.

முதற் கேள்வி நம் மாணவ நண்பர்கள் பலருடைய வீட்டிலும் எழுந்திருக்கும். விடுதியில் இருக்கும் நமக்குத் தொலைபேசி வழியே அது வந்து சேர்ந்துமிருக்கும். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்பது வீட்டாரின் எண்ணம். இரண்டாம் கேள்வி எங்கள் வீட்டுக்கே உரியதுபோலத் தோன்றும். ஆனால் பழைய எழுத்துருவில் தமிழைச் சேர்த்து வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அது பொருந்தும். ஆகவே இரண்டையும் சேர்த்தே ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது? தங்கவயலில் பிறந்தவனாகையால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் உவமை, சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் என்ஜின் டிரைவர்தான். அடியிலிருந்து மணிக்குறி வரும். இத்தனை மணி அடித்தால் நிறுத்து, இத்தனைக்கு ஏற்று, இத்தனைக்கு இறக்கு என்று முன்பே வகுத்த குறியீடு அது. கீழே நிற்பவர் என்ஜினைத் தொடுவதில்லை. என்ஜினுக்குக் கீழே நிற்பவர் இன்னாரென்று தெரியாது. இரண்டிற்கும் நடுவே டிரைவர் நின்று, குறியைக் கேட்டுப் பொறியை இயக்குகிறார். கணிப்பொறியிலும் அப்படியே. நாம் தட்டெழுதும் மென்பொருள் 'இப்பக்கத்தை அச்சிடு' என்று குறி கொடுக்கிறது. அச்சுப்பொறியை எப்படி இயக்குவது என்று அறிந்து இயக்குவது இயங்குதளம். டிரைவர் மாறலாம், தவறில்லை. மணிக்குறியின் பொருள் மாறிப்போனால்தான் ஆபத்து. இயங்குதளத்தை மாற்றும்போது நாம் ஆராய வேண்டியதும் இதுவே: பழைய குறிகள் புதியவருக்கு விளங்குமா?

இனி, 'ஆதரவு முடிந்தது' என்னும் சொல்லின் பொருளைக் காண்போம். ஆதரவு முடிந்த மறுநாள் கணிப்பொறி நின்றுவிடும் என்று எண்ணி அஞ்சுவோர் உளர். நிற்காது, நேற்றுப்போலவே ஓடும். நேற்றுப்போலவே ஓடுவதுதான் மக்களை ஏமாற்றிவிடுகிறது. ஓர் இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகளால் எழுதப்பட்ட நூல் போன்றது. அவ்வளவு பெரிய நூலில் பிழைகள் இருந்தே தீரும். சில பிழைகள் அயலான் உள்ளே நுழையும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்து மாதந்தோறும், பெரும்பாலும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று, அடைப்புகளை அனுப்புகிறது மைக்ரோசாப்ட். ஆதரவு முடிந்த பின்னர் அவ்வடைப்பு வருவதில்லை. அதனினும் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் பல. புதியதற்கு ஓர் அடைப்பு வெளியாகும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் கூர்ந்து நோக்குவோர்க்கு வெளியாகிவிடுகிறது. பழையதில் அதே ஓட்டை திறந்தே கிடக்கும்!

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் நடந்ததை நண்பர்கள் பலர் படித்திருக்கலாம். 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பற்றிக்கொண்டு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இந்தச் செய்தியைச் சொல்லி 'ஆகவே புதியது வாங்குங்கள்' என்று முடித்துவிடுவது வழக்கம். உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. அந்த ஓட்டைக்கு உரிய அடைப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே அளித்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 பொறிகள். அடைப்பு வந்திருந்தும் போட்டுக்கொள்ளாதவை. 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அந்த நெருக்கடியில் ஓர் அடைப்பை வெளியிட்டார்கள். எனவே, இயங்குதளம் புதியதா பழையதா என்பது பாதிக் கேள்வி. அதற்கு அடைப்பு வருகிறதா, வந்ததை வீட்டில் ஒருவர் போடுகிறாரா என்பதே முழுக் கேள்வி. விடுதியறையில் 'புதுப்பிப்பைப் பிறகு நினைவூட்டு' என்னும் பொத்தானையே மாதக்கணக்காக அழுத்திவரும் நண்பர்களை நான் அறிவேன். அவர்களிடம் விண்டோஸ் 11 இருந்து என்ன பயன்?

எங்கள் வீட்டுப் பொறியில் இக்கேள்வி வெறும் வாதமாக நிற்கவில்லை. அத்தை அக்கம்பக்கத்தார்க்கு மனு எழுதிக் கொடுப்பவர். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊரில் மனு எழுதாத குடும்பம் அரிது. நிலுவைத் தொகைக்கு ஒரு மனு, குடியிருப்புக்கு ஒரு மனு, ஓய்வூதியத்துக்கு ஒரு மனு. அவற்றோடு ஆதார் அட்டையின் படியும் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் சேர்ந்து வரும். ஆகவே எங்கள் பொறிக்குள் இருப்பது எங்கள் உடைமை மட்டுமன்று. ஐம்பது அறுபது வீடுகளின் அடையாளம் அதற்குள் இருக்கிறது. எங்கள் பொருளைத் திறந்து போட்டுவிட்டு உறங்க எங்களுக்கு உரிமை உண்டு. பிறர் பொருளை அவ்வாறு வைக்க உரிமை இல்லையன்றோ? முதற் கேள்விக்கு விடை அப்போதே தெளிந்தது. 'இருந்தபடியே இருக்கட்டும்' என்பது எங்கள் வீட்டுக்கு ஆகாது.

அப்படியாயின் விண்டோஸ் 11க்குப் போய்விடலாமே என்று தோன்றும். அது 2021 அக்டோபர் 5இல் வெளிவந்தது. அதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டிடமும் வேண்டும். இவை எளியவை. கடினமானவை வேறு இரண்டு. ஒன்று, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. பூட்டுகளின் திறவுகோலை வட்டில் வைக்காமல் தனியே காக்கும் சிறு பெட்டகம் அது. மற்றொன்று, செயலியின் வயது. இன்டெல் செயலியாயின் பொதுவாக 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். எங்கள் பொறி 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறைச் செயலி. அந்தச் சில்லும் இல்லை. கதவு சாத்தியாயிற்று.

இச்சோதனையை ஏமாற்றிவிட்டு உள்ளே நுழையும் வழிகள் உண்டு. நம் விடுதியிலேயே அதில் வல்லவர் இருக்கிறார்கள். ஆனால் அவ்வாறு நிறுவிய பொறிக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்னும் உறுதியை மைக்ரோசாப்ட் அளிக்கவில்லை. அடைப்புக்காகத்தான் மாறுகிறோம், அடைப்பே உறுதியில்லாத மாற்றம் எதற்கு? பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்ளும் மாணவனுடைய பொறியில் இதைச் செய்து பார்க்கலாம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அத்தை தனியே இருந்து பயன்படுத்தும் பொறியில் செய்வது முறையன்று.

நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தள்ளுவதா என்னும் மனக்கசப்பு இங்கே எழுவது இயல்பு. எங்கள் ஊருக்கு இது புதிதன்று. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதற்கு முன் சுரங்கத்தின் எந்திரங்கள் நீராவியால் ஓடின. அவை ஓடாமற்போனதால் மின்சாரம் கொண்டுவரவில்லை. நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. எரிபொருட் செலவைக் கணக்குப் பார்த்து மாற்றினார்கள். மாற்றம் தன்னோடு ஒரு கட்டையும் கொண்டுவந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் வினாடிக்கு 25 சுழற்சியுடையது. பிற்காலத்தில் நாடெங்கும் நிலைபெற்றதோ 50 சுழற்சி. 25க்கென்று செய்த மோட்டாரை 50இல் அப்படியே கோத்துவிட முடியாது. எந்த முறைக்குள் நுழைந்தாலும், பின்னாளில் அதிலிருந்து வெளியேறும் செலவையும் இன்றே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் முன் நின்ற வழிகள் இனி மூன்று. முதலாவது, நீட்டிப்பு. விண்டோஸ் 10 பயன்படுத்தும் வீட்டார்க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அடைப்புகளை அளிப்பதாக 2025இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. பொறியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் கணக்கோடு இணைத்துக் காப்பெடுத்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 டாலர். இது தீர்வு அன்று, தவணை. தவணையும் சில வேளைகளில் பெரிய உதவியே. இரண்டாவது, புதுப் பொறி வாங்குவது. வசதியுள்ளோர்க்கு இதுவே எளிது; அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாவது, லினக்ஸ்.

லினக்ஸ் என்றதும் அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 1991இல் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் நம்மைப்போல மாணவராக இருந்தவர், வயது 21. இன்று கேரளத்துப் பள்ளிகளில் சிறுவர்கள் கற்பது லினக்சில்தான். நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் என்னும் லினக்சை இந்திய மொழிகளோடு உருவாக்கியது. லினக்ஸ் மின்ட் போன்ற வகைகள் 4 ஜிபி நினைவகமுள்ள பழைய பொறியிலும் நன்றாக ஓடும், விலையில்லை, அடைப்புகளும் ஒழுங்காக வருகின்றன. அதனை நிறுவாமலே, ஒரு பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது பெரிய நன்மை. புடவையை வாங்குமுன் விரித்துப் பார்ப்பதுபோல.

இனி அத்தையின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். அதைக் கேட்க அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்தான்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய சுரங்கம் அது. 2014இல் தம் அனுபவங்களை அவர் சொல்லச் சொல்ல, அத்தை 46 பக்கம் தட்டெழுதினார். 2016இல் நான் ஒன்பதாம் வகுப்பு. விண்டோஸ் 7 வைத்திருப்போர்க்கு விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைக்கும் காலம் ஜூலை 29இல் முடிகிறது என்று அறிந்து, யாரையும் கேளாமல், வட்டைத் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவினேன். ஆவணங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அவ்வளவு அறிவு இருந்தது. மறுநாள் தாத்தா தம் பக்கங்களைப் படிக்க உட்கார்ந்தார். திரையில் தமிழ் ஓர் எழுத்துமில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. தாத்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

நடந்தது என்ன? கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். தாத்தாவின் பக்கங்கள் பாமினி என்னும் எழுத்துருவில் இருந்தன. அதில் 'அம்மா' என்று எழுதினால் கோப்பில் பதிவாவது 109, 107, 59, 107, 104 என்னும் ஐந்து எண்கள். இவை உண்மையில் ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவற்றுக்கு உரியவை. பாமினி எழுத்துரு அந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இருக்கும்வரை அம்மா. இல்லையேல் எம் கே. ஆவண உறையை நான் காப்பெடுத்தேன். எழுத்துருவோ விண்டோசின் உறைக்குள் இருந்தது. அதைத் துடைத்துவிட்டேன். எண்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் தமிழாகக் காட்டும் கண்ணாடிதான் போயிற்று. பின்னர் அலமாரியில் கிடந்த பழைய குறுந்தகட்டில் எழுத்துரு கிடைத்தது. தாத்தா 2019இல் காலமானார். ஆகவே அந்தப் பக்கங்கள் இரண்டாம் முறை மறைந்தால் சொல்லித் திருத்த ஆளில்லை.

யூனிகோடு முறையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கென்றே 128 இடங்கள் அதில் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே 'அம்மா' என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இவ்வெண்கள் தமிழுக்கன்றி வேறெதற்கும் உரியன அல்ல. தமிழ் தெரிந்த எந்த எழுத்துருவிலும், எந்த இயங்குதளத்திலும் அவை அம்மாவே. விண்டோசில் இவ்வசதி விண்டோஸ் 2000 முதல் உண்டு. தமிழ்நாட்டு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. இருந்தும் அச்சகங்களிலும் தட்டெழுத்துக் கடைகளிலும் பழைய எழுத்துருக்களே நெடுநாள் வழங்கின. விரலின் பழக்கம் எளிதில் மாறுமா?

பழையதை யூனிகோடாக்கும் மாற்றிகள் பல கிடைக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. 'கோ' என்பதைப் பாமினி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பதிகிறது. யூனிகோடில் முதலில் க. பின்னர் ஓகாரக் குறி ஒன்று. மாற்றி இவ்வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மட்டமான மாற்றியாயின் 'கோலார்' என்பதே கோணலாகும். அடுத்த தொல்லை கலப்புச் சொற்கள். தாத்தா ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகக் கலந்து பேசுவார். அத்தை அவற்றில் சிலவற்றை ஆங்கில எழுத்திலேயே அடித்திருந்தார். மாற்றிக்கு எது தமிழுக்கு நின்ற ஆங்கிலம், எது மெய்யான ஆங்கிலம் என்று தெரிய வழியில்லை. சுரங்கக் கம்பெனியின் பெயரெழுத்துகளைக்கூட அது தமிழாக்கிக் கொடுத்தது! மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பு நோக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணி நாங்கள் செய்தது இதுவே. தீபாவளியன்று எதையும் மாற்றவில்லை. நீட்டிப்புக்குப் பதிந்து தவணை வாங்கினோம். தாத்தாவின் கோப்புகளையும், அவற்றோடு எழுத்துருக் கோப்பையும், ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் இரு வேறு பென் டிரைவில் எடுத்தோம். படம் எடுத்தது நல்லதாயிற்று. பின்னால் ஒப்பு நோக்க அதுவே மூலம். அடுத்து, லினக்சைப் பென் டிரைவிலிருந்து இயக்கி அத்தையிடம் விட்டுவிட்டேன். அச்சுப்பொறி முதல் நாளே வேலை செய்தது. தமிழ்99 விசைமுறை கிடைத்தது. கன்னடத்தில்தான் தடை. அரசு அலுவலகங்களுக்குரிய மனுக்களை அத்தை எழுதுவது நுடி மென்பொருளில். கர்நாடகத்தில் கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய அது விண்டோசுக்கென்று அமைந்தது. அதன் விசைமுறை லினக்சில் கிடைக்கிறது. ஆகவே விரல் தடுமாறவில்லை. பழைய மனுக்களைத் திறக்கும்போது மட்டும் தாத்தாவின் பக்கத்துக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்ந்தது. இம்முறை காரணம் தெரியுமாதலால் யாரும் கலங்கவில்லை. எழுத்துருவைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

2026 பொங்கல் விடுமுறையில் மாற்றினோம். பழைய வட்டைத் துடைக்கவில்லை. அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்தி அதில் லினக்சை நிறுவினோம். ஏதேனும் பிசகினால் பழைய வட்டை மாட்டினாற் போதும், பழைய வீடு அப்படியே இருக்கும். மாற்ற எண்ணும் நண்பர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். பொறியும் முன்னைவிட விரைவாகத் திறக்கிறது. அது எஸ்எஸ்டியின் புண்ணியம். லினக்சின் புகழாக எழுதினால் பொய்யாகும்.

எல்லார்க்கும் இதையே நான் பரிந்துரைக்கவில்லை. உங்கள் பொறி எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதாயின், காப்பெடுத்துவிட்டு விண்டோஸ் 11க்குப் போய்விடுங்கள், தயங்கக் காரணமில்லை. வீட்டில் ஒருவர் விண்டோசில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை வைத்துப் பிழைக்கிறார் எனில், லினக்சைத் திணிக்காமல் தவணையைப் பயன்படுத்திப் புதுப் பொறிக்குப் பணம் சேர்ப்பதே நலம். இணையமே வேண்டாத பொறியாயின் கம்பியைக் கழற்றிவிட்டு எத்தனை நாளும் வைத்திருக்கலாம்; ஆனால் அதில் பென் டிரைவைச் செருகும்போது எச்சரிக்கையாயிருங்கள், நோய் அவ்வழியும் வரும்.

46 பக்கங்களில் 45 ஒப்பு நோக்கி முடிந்தன. மிஞ்சியது பாறை வெடிப்பைப்பற்றித் தாத்தா சொன்ன பக்கம். அதில் ஒரு சொல் எழுத்துரு உள்ள மூலத்திலேயே குழம்பியிருக்கிறது. அன்று தட்டெழுதும்போதே விரல் பிசகியிருக்க வேண்டும். அது ஒருவர் பெயரா, சுரங்கத்தின் ஒரு தளத்துக்கு வழங்கிய பெயரா என்று அத்தைக்கு நினைவில்லை. தாத்தாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மாரிக்குப்பத்தில் இருக்கிறார். அடுத்த விடுமுறையில் அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போவதாக இருக்கிறோம்.